விடையைத் தானே பார்க்கும் பிள்ளை

(செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)

பின்வரிசையில் உஸ்மானியா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும் குட்டிகளே! முழுப் பாக்கெட்டையும் காலி செய்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு அதில் 3 பிஸ்கட் வேண்டும்.

ஜே.இ.இ. முடிவு வந்த மறுநாள் காலை அமீர்பேட்டையில் மெட்ரோ ஏறி தில்சுக்நகர் வரை போய்ப் பாருங்கள். வழிநெடுக விளம்பரப் பலகைகளில் பிள்ளைகளின் முகங்கள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஒரு ரேங்க் எண். இந்த ஊர் கணக்கின்மேல் உயிரையே வைத்திருக்கிறது என்று வெளியூர்க்காரர் நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. நல்லகுண்டாவில் சுக்கா ராமையா ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பாடம் நடத்திய காலத்தில், அவர் வகுப்பில் இடம் பிடிக்கவே ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அந்தத் தேர்வுக்குத் தயார் செய்யத் தனி டியூஷன்கள் முளைத்தன. 'ஐ.ஐ.டி. ராமையா' என்றால்தான் இன்றும் ஆட்டோக்காரருக்குக்கூட ஆள் தெரியும். அவராவது வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போது அந்த ஐ.ஐ.டி. இலக்கு ஆறாம் வகுப்புக்கு 'ஃபவுண்டேஷன்' என்று இறங்கி, அங்கேயும் நிற்காமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போகும் பள்ளியின் பெயர்ப்பலகை வரை வந்துவிட்டது. டெக்னோ, கான்செப்ட், ஒலிம்பியாட் என்று விதவிதமான பெயர்கள்.

இதே ஹைதராபாத்தில்தான் 2010 ஆகஸ்டில் உலகக் கணித மாநாடு நடந்தது. இந்தியாவில் அந்த மாநாடு நடந்தது அதுவே முதல் தடவை. ஓரமாக ஒரு வேடிக்கையும் நடந்தது. நம்ம விஸ்வநாதன் ஆனந்த் ஒரே நேரத்தில் 40 பேரோடு சதுரங்கம் ஆடினார். 39 பேர் தோற்றார்கள். ஆட்டத்தை டிரா செய்தது 14 வயதுப் பையன் ஒருவன். பாஸ்கராச்சாரியரின் லீலாவதி நூலின் பெயரில், கணக்கைப் பொதுமக்களிடம் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு பரிசை அந்த மாநாட்டில்தான் முதன்முதலாகக் கொடுத்தார்கள். அந்தப் பரிசை இந்த ஊரில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எண்ணுக்கு மேலே இருக்கும் முகங்கள்தான் நமக்கு ஞாபகம் இருக்கும்.

ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுகளைத் திட்ட நான் வரவில்லை. 17 வயதுப் பையன் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டு ராப்பகலாக உழைத்தால் அது அழகுதான். 7 வயதுப் பிள்ளைக்குப் பத்து வருஷம் தள்ளி ஒரு இலக்கை நாம் நட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பேச்சு. அதோடு, புளியங்கொட்டையும் ஈர்க்குச்சியும் வைத்துக் கணக்குச் சொல்லித்தருவதைப் பற்றியும் பேசப் போகிறேன். ஒரு பக்கம் 'கணக்கை ஜாலியாக்குங்கள்' என்று ஒரு கோஷ்டி, இன்னொரு பக்கம் 'கோல் செட்டிங்' என்று ஒரு கோஷ்டி. தனித்தனிப் பயிற்சி வகுப்பு, தனித்தனிக் கட்டணம். இரண்டும் ஒரே விஷயம் என்பது என் கட்சி.

கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதுகிறேன். 52-இல் 27 போனால் எவ்வளவு?

மூன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்கு விடை தெரியும்: 35. சிரிக்கிறீர்கள். 25-தான் சரி என்பது எனக்கும் தெரியும். நோட்டுத் திருத்தும்போது நாம் அடிக்கடி பார்க்கிற விடையைச் சொன்னேன். "ரெண்டுல ஏழு போகாது, ஏழுல ரெண்டு போகும், அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு." பிள்ளை ஒன்றும் அசட்டுத்தனம் செய்யவில்லை. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொன்னதை அப்படியே செய்கிறது. நாம் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போடுகிறோம். டீச்சருக்கு இந்த விடை பிடிக்கவில்லை என்பதைத் தவிர அந்தக் குறியிலிருந்து பிள்ளைக்குத் தெரிவது எதுவும் இல்லை. பிறகு 'பக்கத்தில் கடன் வாங்கு' என்கிறோம். வாங்கின கடனை எப்போது திருப்பித் தரவேண்டும் என்று ஒரு சுட்டி கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது.

இப்போது நோட்டை மூடிவிட்டு ஐஸ் குச்சிகளைக் கொடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டு 5, உதிரி 2. "எனக்கு 27 கொடு" என்று கேளுங்கள். 2 கட்டைச் சட்டென்று எடுத்துத் தந்துவிடும். உதிரியில் 7 வேண்டும், இருப்பதோ 2. அங்கே கை நின்றுவிடும். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதைப்போலக் கஷ்டமான காரியம் வாத்தியார் வேலையில் வேறில்லை. சில பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்து "பிரிக்கலாமா சார்?" என்று அனுமதி கேட்கும். கடைக்குப் போய்ப் பழகின பிள்ளை அப்படிக் கேட்காது. இன்னொரு முழுக் கட்டை நம் கையில் திணித்துவிட்டு "மீதி 3 கொடுங்க" என்று கையை நீட்டும். புத்தகத்தில் இல்லாத வழி அது. கணக்கில் ஒரு குறையும் இல்லை. கட்டைப் பிரித்த பிள்ளைக்கு உதிரி 12 ஆகும், அதில் 7 போனால் 5, கட்டு 2. விடை 25. இதற்குப் பிறகு 35 என்று யார் சொன்னாலும் அந்தப் பிள்ளை ஒப்புக்கொள்ளாது. குச்சிகளை நம் பக்கம் தள்ளி, "நீங்களே எண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிடும்.

இங்கேதான் என் கட்சியின் அஸ்திவாரம் இருக்கிறது. குச்சி வைத்தால் ஜாலி என்பது இரண்டாம் பட்சம். மூன்று நாள் ஆனால் குச்சியும் அலுத்துப்போகும். விடை சரியா தப்பா என்று பார்க்க இன்னொருவர் தயவு வேண்டாம் என்கிற நிலைமைக்குப் பிள்ளையைக் கொண்டுவருவதுதான் குச்சியின் அருமை. தன் விடையைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்குத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். அது தெரிந்தால்தான் அடுத்து எங்கே போகலாம் என்று யோசிக்க முடியும். டீச்சரின் டிக் ஒன்றையே நம்பியிருக்கும் பிள்ளையிடம் 'உன் இலக்கு என்ன?' என்று கேட்டால், அப்பா சொன்னதைத்தான் ஒப்பிக்கும்.

இதெல்லாம் புதிசும் இல்லை, வெளிநாட்டுச் சரக்கும் இல்லை. ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. அதை உருவாக்கிய பி.கே. சீனிவாசன், முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். காலண்டர் தாள், கட்டம் போட்ட காகிதம், தூக்கிப்போடும் அட்டைப் பெட்டி ஆகியவற்றை வைத்தே பிள்ளைகளைக் கணக்குக் கண்காட்சி நடத்த வைப்பார். விளக்கம் சொல்ல வேண்டியதும் பிள்ளைகள்தான். வடக்கே அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் வைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்து காட்டினார். டெல்லியில் ஜோடோகியான் அமைப்பு 100 மணி கோத்த ஒரு மாலையைப் பரப்பியது. பத்துக்குப் பத்து நிறம் மாறும். 38 எங்கே என்று கேட்டால் பிள்ளை ஒன்றிலிருந்து எண்ணாமல், 40-க்குப் போய் இரண்டு மணி பின்னால் வரும். நம் பள்ளிகளில் ஆணிமணிச் சட்டம் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிறது. பல இடங்களில் அது பீரோவுக்குள் இருக்கிறது, பீரோச் சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது. சாமான் உடைந்தால் ஆடிட்டில் கேள்வி வரும் என்ற பயம். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் உடையாத கணக்குச் சாமான் பிள்ளை கைக்குப் போகாத சாமான்.

இனி இலக்கு பக்கம் வருவோம். இதில் தமிழ்நாட்டுக்கும் நாம் இருக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு, பலருக்குத் தெரியாது. மதனப்பள்ளிப் பக்கத்தில் ரிஷிவேலி. 2014 வரை அதுவும் ஹைதராபாத்தும் ஒரே மாநிலம். அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதி 1980-களின் பின்பாதியில் சுற்றுவட்டக் கிராமங்களுக்கென்று ஓராசிரியர் பள்ளிகளை வளர்த்தார்கள். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. எந்த வகுப்புக்கு என்று பாடம் நடத்துவது? பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டி, அவற்றை ஒரு ஏணியின் படிகளாக அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து ஏறட்டும் என்று விட்டார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தன் ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அவர்கள் கொண்டுவந்ததுதான் செயல்வழிக் கற்றல். முதலில் மாநகராட்சிப் பள்ளிகள், பிறகு 2007 முதல் தமிழகம் முழுக்க என்று 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போயிற்று.

அந்த வகுப்பறையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தரையில் பாய். சுவரைச் சுற்றிலும் பிள்ளை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். சுவரில் ஏணி. காலையில் வந்ததும் பிள்ளை ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, தட்டிலிருந்து அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு குழுவில் போய் உட்காரும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பிள்ளை, விட்ட இடத்திலிருந்து தொடங்கும். 'நீ எங்கே இருக்கிறாய்?' என்று கேட்டால் 8 வயதுப் பிள்ளை சுவரில் விரல் வைத்துக் காட்டும். எவ்வளவு கட்டணம் வாங்கும் பள்ளியிலும் இன்று அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

குறை இல்லையா என்றால் நிறையவே இருந்தது. எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்பதை அரசு முடிவு செய்திருந்தது. வேகம் மட்டும்தான் பிள்ளையுடையது. சில இடங்களில் அட்டையை முடிப்பதே படிப்பு என்றாகிவிட்டது, ஏணி பந்தயமாகிவிட்டது. எல்லாரும் உட்கார்ந்து ஒரு கணக்கைப் பற்றிச் சேர்ந்து பேசுவது குறைந்தது. ஆசிரியர்கள் பதிவேடு எழுதியே களைத்தார்கள். பின்னால் அது இளைத்து, உருமாறிப் போயிற்று. 2022-இல் தமிழ்நாட்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். அதே ஆண்டு தெலங்கானா அரசு ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குத் 'தொலிமெட்டு' திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டிலும் பிள்ளை எந்த நிலை என்பது ஆசிரியருக்குத் தெரிகிறது, நல்லதுதான். பிள்ளைக்குத் தெரிந்து, அதைப் பிள்ளையே சொல்கிறதா என்பதுதான் என் கேள்வி. அரும்பு என்று பெயர் வைத்தாலும் மலர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று அரும்புக்கு நன்றாகவே தெரியும்.

இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது, நம்ம கழித்தல் கணக்கை வைத்தே. 1981-இல் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற இருவர் வெளியிட்டது. கணக்கில் பின்தங்கி, கணக்கென்றாலே வெறுத்துப்போன தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். கையில் 42 பக்கக் கழித்தல் பயிற்சி, 7 அமர்வுகள். ஒரு குழுவிடம் 'ஒரு அமர்வுக்கு 6 பக்கம் என்று வைத்துக்கொள்ளலாமே' என்றார்கள். இன்னொரு குழுவிடம் 'ஏழாவது அமர்வு முடியும்போது 42 பக்கம்' என்றார்கள். மூன்றாவது குழுவிடம் இலக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பெருக்கிப் பாருங்கள், ஆறேழு நாற்பத்திரண்டு. முதல் இரண்டு குழுவுக்கும் ஒரே வேலைதான். ஆனால் 6 பக்கக் குழு கழித்தலிலும் தேறியது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கையிலும் தேறியது. பிறகு 'என்ன வேண்டுமானாலும் செய்யலாம்' என்று விட்டபோது தானாகவே அதிகக் கழித்தல் கணக்குகளைப் போட்டது. 42 பக்கக் குழுவோ, இலக்கே இல்லாத குழுவைவிட ஒன்றும் மேலாக இல்லை.

7 அமர்வு தள்ளியிருந்த இலக்கே அந்தப் பிள்ளைகளை அசைக்கவில்லை. நாம் பத்து வருஷம் தள்ளி வைக்கிறோம்.

மறுபடி சாமான் பக்கம் வருவோம். இப்போது அந்த பிஸ்கட்டைக் கொடுங்கள். 3 பிஸ்கட், 4 பேர் மேடைக்கு வாருங்கள். சமமாகப் பங்கு போடுங்கள்... பார்த்தீர்களா, ஒருவர் மூன்றையும் பாதியாக உடைத்தார். 6 பாதி; ஆளுக்கு ஒரு பாதி போக 2 பாதி மிச்சம். அதை மறுபடி உடைத்து ஆளுக்குக் கால். பாதியும் காலும் சேர்ந்து முக்கால். இந்தப் பாப்பா வேறு மாதிரி, ஒவ்வொரு பிஸ்கட்டையும் நாலாக உடைக்கப் பார்த்து அது தூளாகிவிட்டது. தூளானாலும் யோசனை சரிதான். மூன்றை நாலால் வகுத்தால் முக்கால் என்று எழுதிக்கொடுத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் முழிக்கும். இங்கே ஒருத்தருக்குக் குறைந்திருந்தால் சண்டை வந்திருக்கும். சண்டை வரவில்லை என்றால் விடை சரி. டிக் போட நான் எதற்கு?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாமான் வைத்துச் செய்தால் போதும், எழுத்துக் கணக்குத் தானாக வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோரின் குழு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைச் சோதித்து, 2025-இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டது. கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் நிறுத்து, விலை சொல்லி, சில்லறை தரும் சிக்கலான கணக்குகளை அந்தப் பிள்ளைகள் மனசுக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். அதைவிடச் சுலபமான கணக்கைப் பள்ளி மாதிரித் தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மாறு; தாளில் போடுவார்கள், சந்தையில் திணறுவார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு யாரும் பாலம் போட்டுக் கொடுக்கவில்லை.

அந்தப் பாலம் வகுப்பில் எப்படி இருக்கும்? மோண்டா மார்க்கெட்டில் பூக்காரம்மா முழம் போடுவதைப் பிள்ளை பார்த்திருக்கும். வகுப்பில் ஆளுக்கு ஒரு நூல் கொடுத்து, மேசை நீளத்தைத் தன் முழத்தால் அளக்கச் சொல்லுங்கள். ஒருத்திக்கு 4 முழம், உயரமான பையனுக்கு 3-க்குச் சற்று மேல். யார் விடை சரி என்று சத்தம் வரும். டீச்சர் தன் முழத்தைப் போட்டால் இன்னொரு விடை வரும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அளவுகோலை எடுங்கள், அதற்கு முன்னால் எடுக்காதீர்கள். அதேபோல், குச்சிக் கட்டைப் பிரித்த அதே நிமிடத்தில் நோட்டில் 5-ஐ அடித்து 4 என்றும், 2-க்கு முன்னால் 1 என்றும் பிள்ளையே எழுத வேண்டும். 'இந்த அடித்தல் குச்சியில் எங்கே நடந்தது?' என்று கேளுங்கள். அவிழ்த்த ரப்பர் பேண்டைக் காட்டினால் பாலம் போட்டாயிற்று. பிறகு சில வாரத்தில் குச்சியை மேசைக்குக் கீழே வைத்துவிடலாம். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளட்டும்.

அபாகஸ் வகுப்பு பற்றி எப்படியும் கேட்பீர்கள். மணிச்சட்டம் நல்ல சாமான். வேகத்துக்காக மட்டும் பழக்கினால் பாதி வீண். இந்த ஊர்ப் பையன் நீலகண்ட பானு பிரகாஷ் 2020-இல் மனக்கணக்கு உலகப் போட்டியில் தங்கம் வாங்கினார்; எல்லாரும் பெருமைப்பட்டோம். 5 வயதில் தலையில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தபோது, மூளைக்கு வேலை கொடுக்கப் புதிரும் கணக்குமாக அவர் தொடங்கியது அது. உங்கள் பிள்ளை எதற்காகத் தொடங்குகிறது என்பதை அதனிடமே கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கடைசியாக, வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடிய ஒன்று. வாரத்துக்கு ஒரு வரி இலக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளை தன் கையால் எழுத வேண்டும். 'நல்லா படிப்பேன்' என்று முதல் வாரம் எழுதும். எழுதட்டும். வெள்ளிக்கிழமை 'நல்லா படிச்சியா, எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். இரண்டாம் வாரம் 'ஃபர்ஸ்ட் வருவேன்' என்று எழுதலாம். அது பக்கத்துப் பையன் எவ்வளவு வாங்குகிறான் என்பதைப் பொறுத்த சமாசாரம், தன் கையில் இல்லை என்பதைப் பேசிப் புரியவையுங்கள். நாலைந்து வாரத்தில் இப்படி ஒரு வரி வரும்: 'கட்டைப் பிரிக்கிற கழித்தல் 10, குச்சி இல்லாமல் போட்டு, அப்புறம் குச்சி வைத்துச் சரிபார்ப்பேன்.' அல்லது, 'ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு மட்டும் மறக்கிறது, அதை மறக்காமல் சொல்வேன்.' எங்கே மறக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிட்டது, பாருங்கள். வெள்ளிக்கிழமை அதுவே பார்த்து, முடிந்ததென்றால் பச்சை, பாதி என்றால் மஞ்சள் தீட்டிக்கொள்ளட்டும். முடியவில்லை என்றால் அடுத்த வார வரியைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். பச்சைக்குச் சாக்லேட் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுவாரம் சுலபமான வரியாகப் பார்த்து எழுதத் தெரியாத அளவுக்கு உங்கள் பிள்ளை அசடு இல்லை.

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஒரு நாளைக்கு 8 பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம், மற்றவர்கள் குச்சியோடு இருக்கும்போது. ஐந்து நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். எல்லா வாரமும் நடக்காது, நடந்த வாரம் லாபம்.

இன்னொரு வேண்டுகோளும் ஆசிரியர்களுக்குத்தான். பள்ளி டைரியில் இந்தப் பக்கத்தைச் சேர்த்தால், அச்சகத்தில் வழக்கம்போல அடியில் 'பெற்றோர் கையெழுத்து' என்று ஒரு கோடு போட்டுக் கொண்டுவருவார்கள். ப்ரூஃப் பார்க்கும்போதே அதை அடித்துவிடுங்கள். அந்தக் கோடு இருந்தால் அடுத்த வாரமே அந்த வரியை அம்மா சொல்ல, பிள்ளை எழுதும்.

மைக்கைப் பின்வரிசைக்கு அனுப்புகிறேன். தெலுங்கிலும் கேட்கலாம்.